மேடத்தின் பொறுமை

நாற்காலியில் இருப்பவரின் தலைமுடி பாதி வெட்டியபடி நிற்கும்போதே, சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுப் பின்னறைப் பக்கம் காதைத் திருப்புவார். உள்ளே ஒரு கோழி தும்மியிருக்கும், அல்லது தும்மியதாக அவருக்குத் தோன்றியிருக்கும். "ஒரே நிமிஷம், அசையாதீங்க" என்று உள்ளே போனால், அந்த நிமிஷத்தில் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிடலாம். ஒருமுறை பாதி மீசையோடு விடப்பட்ட தபால்காரர் மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "அக்கா! உங்க வீட்டுக்காரர் திரும்பி வருவாரா, இல்ல நான் இப்படியே தபால் குடுக்கப் போகட்டுமா?"

"எனக்கே திரும்பி வரல. உங்களுக்கா வரப்போறாரு?" என்று மாடியிலிருந்து பதில் வந்தது.

மருந்துக்கடையில் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வீடு திரும்பும் அவர் மனைவிக்கு, உட்கார்ந்ததும் கண்ணில் படுவது நாற்காலி முதுகில் காயும் ஆறு துண்டுகள். அவை மனிதர்களைத் துடைத்த துண்டுகள் அல்ல. குழந்தை ஷாம்பு வீட்டில் எப்போதும் இருக்கும். குழந்தைகள் வேலைக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. பின்னறை அத்தனை சுத்தம் என்று வருகிறவர்களெல்லாம் மெச்சுவார்கள். அங்கிருந்த அழுக்கு எங்கே போனது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளைக் கேட்டால் சொல்வாள்: மாடிக்கு.

பின்னறை முன்பு பேஷியல் செய்யும் அறை. இப்போது அங்கே ஆறு வெள்ளை சில்க்கிக் கோழிகள் குடியிருக்கின்றன. அவற்றின் மேல் இருப்பதை இறகு என்று சொல்ல நா எழாது. பிய்த்துப் போட்ட பஞ்சு. பூனை செய்ய உட்கார்ந்து பாதியில் மனம் மாறிக் கோழியாக முடித்ததுபோல ஒரு பிறவி. பஞ்சை விலக்கினால் தோல் கறுப்பு, காலில் விரல் ஐந்து, தலையில் கவிழ்த்த பூச்செண்டு மாதிரி ஒரு குடுமி. பறக்கத் தெரியாதவை என்பதால் உட்காரும் கட்டை தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். மற்றக் கோழிகளைப்போல இவற்றின் மேல் தண்ணீர் வழிந்தோடாது, ஊறிவிடும். ஈரம் ஆகாது, வெயிலில் விட்டால் வெள்ளை பழுத்துவிடும், அலகுக்குக் கீழே தாடிபோல வளரும் பஞ்சு நனையக் கூடாதென்று தண்ணீர் கிண்ணத்தில் இல்லை, குழாய் வைத்த பாட்டிலில். கீழே மரத்தூள் போடமாட்டார், சுருள்சுருளான மரச்சீவல்தான். "தூள் கண்ணுல விழும்ல?" என்பார், ஏதோ உலகத்தின் கண்களெல்லாம் தன் பொறுப்பில் இருப்பதுபோல.

அந்த ஆறில் ஒன்றுக்குத்தான் பெயர். மேடம். வைத்தவள் மனைவி, எரிச்சலில். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

முடி வெட்டுவதில் அவருக்கு இரண்டு பழக்கங்கள். தொடங்கும்முன் "எவ்வளவு எடுக்கட்டும்?" என்று கேட்பார். முடிந்ததும் கைக்கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் சாய்த்துப் பிடித்து, வந்தவர் தலையாட்டும்வரை நிற்பார். நடுவே அவர் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று, அசையாமல் இருப்பது. நெளிகிற வாடிக்கையாளருக்குப் பின்னறையைக் காட்டுவார். "மேடத்தைப் பாருங்க. குளிப்பாட்டி, டிரையர் போட்டு, சீவி, ரெண்டு மணிநேரம். ஒரு அசைவு உண்டா? அதுக்கு இருக்கிற பொறுமை உங்களுக்கு இல்லையே சார்."

"அதுக்கு வேலைக்குப் போக வேணாம்ல?" என்றார் தபால்காரர்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. பிள்ளையை அழைத்துவரும் எந்தத் தாயையும் அவர் சும்மா விட்டதில்லை. "முடி கண்ணுல விழுது பாருங்கம்மா, இத்தன நாளா விட்டிருக்கீங்களே" என்று ஒரு பாட்டம் திட்டிய பிறகுதான் கத்தரியை எடுப்பார். ஊரில் ஒரு நெற்றி முடியையும் விட்டுவைக்காத மனிதர், மேடத்தின் குடுமியில் மட்டும் ஒரு இழை தொட்டதில்லை. வருடாவருடம் நடக்கும் கோழி அழகுப் போட்டியின் விதித்தாளில் அப்படி இருக்கிறது: குடுமியில் கத்தரி பட்டால் பத்து மதிப்பெண் போச்சு. நான்கு வருடங்களாகப் போகிறார்; நான்கு வருடங்களும் இரண்டாம் பரிசோடு திரும்புகிறார். ஒருமுறை கால் பஞ்சில் கறை. இன்னொருமுறை தாடியில் மஞ்சள். இந்த வருடம் கறையில்லை, மஞ்சளில்லை, காலில் செதில் பூச்சி வராமல் தினமும் எண்ணெய். இந்த வருடம் முதல் பரிசு மேடத்துக்குத்தான் என்று போட்டிக்குப் போகும் எல்லோருமே சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவரோடு வாழ்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு குளியல். மூன்று தொட்டி: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் துளி வினிகர். தொட்டிகளை மாடியிலிருந்து இறக்கியவள், வெந்நீர் வைத்தவள், துண்டு நீட்டியவள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. டிரையர் இளஞ்சூட்டில் ஓட, மேடம் வழக்கம்போலச் சிலையாக இருந்தது. "பாரு, பாரு" என்று அவர் பூரித்தார்.

மறுநாள் தீனி அப்படியே இருந்தது. கிண்ணத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி மேடம் வெறும் ரப்பர் விரிப்பைக் கொத்திக்கொண்டிருந்தது. மனைவி குனிந்து அதைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் குடுமியை மேலே தூக்கினாள். வலது கண் சிவந்து, நீர் வடிந்து, ஓரத்தில் முடி ஒட்டிக் கிடந்தது. வெளிச்சம் பட்ட மறுகணம் மேடம் தலையைச் சிலுப்பியது. அவள் சட்டைப் பொத்தானைக் கொத்தியது. கையிலிருந்து திமிறி இறங்கி அறையைச் சுற்றி ஓட முயன்றது. குடுமி மறுபடி விழுந்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

அவள் அவரைக் கூப்பிட்டாள். தூக்கிக் காட்டினாள், விட்டுக் காட்டினாள். இரண்டு தடவை.

"இது பொறுமை இல்லீங்க. இருட்டு."

அவர் மேடத்தின் கண்ணோரத்தில் ஒட்டியிருந்த முடியை விரலால் விலக்கிவிட்டார். பிறகு அவர் பேசியபோது, பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஞாயித்துக்கெழம முடிஞ்சதும் வெட்டிடலாம். ரெண்டே நாளு."

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒரு நாள் பொறுக்கமாட்டீங்க. இதுக்கு மட்டும் ரெண்டு நாளா?"

"நாலு வருஷம்டி."

"நாலு வருஷமும் இது எதையாவது பாத்துச்சா, கேளுங்க!"

அவள் கடையிலிருந்து சொட்டு மருந்து கொண்டுவந்தாள். அவர் குடுமியை மேலே தூக்கி மெல்லிய ரப்பர் பேண்டால் கட்டினார். இரண்டு நாளும் மேடம் ஒழுங்காகத் தின்றது. கதவருகே கிடந்த செருப்பைக் கொத்தியது. அவர் சீவ உட்கார்ந்தபோது ஒரு நொடி நிற்கவில்லை. "என்ன இப்படி ஆடுது?" என்று அவர் சலித்துக்கொண்டார். அவளுக்குக் காரணம் தெரியும். சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் நீளமான மேசைகள். மேசை முழுக்கக் கூண்டுகள். சலூன்காரர் பையைத் திறந்து வரிசையாகச் சாமான் எடுத்தார்: பஞ்சு, சீப்பு, சின்னப் பிரஷ், கோழியைத் தூக்காமலே அடிவயிறு சுத்தமா என்று பார்க்கக் கைக்கண்ணாடி. கத்தரி சட்டைப் பையில் இருந்தது. அது இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை. கடைசியாக ரப்பர் பேண்டைக் கழற்றினார். குடுமி இறங்கியது. மேடம் சிலையாயிற்று.

வெள்ளைக் கோட்டு போட்ட நடுவர் மற்றக் கூண்டுகளிடம் அரை நிமிடம் நின்றவர், இங்கே ஐந்து நிமிடம் நின்றார். கால் பஞ்சை விலக்கினார், விரல்களை எண்ணினார், தாடியை ஊதிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. பேனாவைத் திறந்தபடியே சொன்னார்:

"மத்ததெல்லாம் கையக் கொத்துது. இது எவ்வளவு பொறுமை, பாருங்க!"

 பக்கத்தில் நின்ற மனைவி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"பொறுமை இல்ல சார்" என்றார் சலூன்காரர்.  "அதுக்குக் கண்ணு தெரியல."

கூண்டைத் திறந்து மேடத்தை மேசைமேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து கத்தரி வந்தது. "என்னங்க பண்றீங்க? மார்க் போயிடும்!" என்றார் நடுவர். "போகட்டும் சார். தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க." வலப்பக்கம் நான்கு வெட்டு, இடப்பக்கம் நான்கு. வெள்ளைப் பஞ்சு மேசையில் உதிர்ந்தது. நடுவர் தாளில் ஏதோ அடித்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனார்.

மேடம் கழுத்தை நீட்டி மண்டபத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. அவர் அதன் பிடரியில் ஒட்டியிருந்த துணுக்குகளை ஊதிவிட்டார். எதிரே சுவர்க் கண்ணாடி எதுவும் இல்லை என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. கைக்கண்ணாடியை எடுத்து, மேடத்தின் தலைக்குப் பின்னால் சற்றே சாய்த்துப் பிடித்தபடி, அது தலையாட்டட்டும் என்று நின்றார்.