பொங்கலுக்குக் கொடுத்த பனியன்

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். டீக்கடையில், பஸ்ஸில், கம்பெனி வாசலில், யாரைப் பார்த்தாலும் என்னமா புழுங்குது என்பார்கள். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு அங்கே உட்கார முடியாது. கல்யாணப் பந்தியில் பாதி இலையோடு எழுந்து போயிருக்கிறேன். வடதுருவத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு வந்தவனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

நான் ஜெனரேட்டர் மெக்கானிக். பாதி நாள் கரண்ட் இல்லாத காலத்தில் திருப்பூரில் தொழில் கற்றவன். எங்கள் அண்ணன் அங்கேயே நல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பன்னிரண்டு பேர் தைக்கிற சின்ன கம்பெனி. துணி அவர் பக்கம், டீசல் என் பக்கம். இன்ஜின் உறுமுவதைக் கேட்டே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவேன். வாய்க்கொழுப்பும் உண்டு. ஒரு ஆராய்ச்சிக் குழு வடதுருவத்துக்குப் பக்கத்துத் தீவு ஒன்றில் குளிர்காலம் தங்கப் போகிறது, ஜெனரேட்டர் பார்க்க ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னபோது, விளையாட்டாகத்தான் விண்ணப்பம் போட்டேன். எடுத்துவிட்டார்கள்.

தங்கப்போனது மூன்று பேர். குழுத் தலைவர் வடநாட்டுக்காரர், பனியில் பல வருஷம் கிடந்தவர், அதிகம் பேசமாட்டார். இரண்டாவது நான். மூன்றாவது ஆள் காற்று, வெப்பம் எல்லாம் அளக்கிற கருவிகளைப் பார்த்துக்கொள்ள வந்தவன். முப்பது வயது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அவன் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவனுடைய அம்மா பிழைக்க நல்லூர் வந்து, ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தைத்து வருகிற பனியனில் ஓட்டை இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்க்கிற வேலை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தவனை நான் உலகத்தின் உச்சிக்குப் போய்த்தான் பழகினேன்.

கோயம்புத்தூரில் விமானம் ஏறியவர்கள் நான்கு விமானம் மாறி, கடைசியில் ஒரு கப்பலில் போனோம். கடல் உறைவதற்குள் எங்களையும் டீசல் பீப்பாய்களையும் இறக்கிவிட்டு அது திரும்பிவிட்டது. கரையில் ஒரு மரவீடு, பக்கத்தில் சாமான் கொட்டகை, அதை ஒட்டி ஜெனரேட்டர் அறை. போன புதிதில் சூரியன் மலை விளிம்பில் கொஞ்ச நேரம் தலைகாட்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அக்டோபர் கடைசியில் ஒரு நாள் வரவே இல்லை. அதற்குப் பிறகு மதியம் பன்னிரண்டு மணிக்கும் கும்மிருட்டு. வானத்தில் பச்சையாக வெளிச்சம் ஆடும். முதல் தடவை வாயைப் பிளந்து பார்த்தேன். பத்தாவது தடவை எரிச்சலாக வந்தது, அதை வைத்து ஒரு நட்டு கூடப் பார்த்து மாட்ட முடியாது.

இறங்கிய அன்றே தலைவர் ஒரு கட்டளை போட்டார். உடம்போடு ஒட்டுகிற துணியில் ஒரு இழை பருத்திகூட இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயாது, வேலையை நிறுத்தியதும் அந்த ஈரமே ஆளைக் கொல்லும் என்றார். கம்பளி உள்சட்டைகள் கொடுத்தார். நான் அதைத் திருப்பிப் பிடித்துத் தையலைப் பார்த்தேன். எங்கள் ஊர் செக்கிங் பெண்கள் கையில் கிடைத்தால் அந்த இடத்திலேயே கழித்துப்போடுவார்கள். போட்டதும் ஊறல் எடுத்தது. திருப்பூர்க்காரனுக்கே துணியைப் பற்றிப் பாடமா என்று எனக்குள் ஒரு திமிர். பெட்டிக்கு அடியில் அண்ணன் கம்பெனிப் பனியன் ஆறு இருந்தது. முதல் தரப் பருத்தி, பூ மாதிரி இருக்கும். வீட்டுக்குள் வேலை பார்க்கிறவன்தானே என்று தலைவருக்குத் தெரியாமல் அதைத்தான் உள்ளே போட்டுக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று முடிவுகட்டினேன்.

அவன் அப்படி இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். குளிரில் டீசல் மெழுகு மாதிரி இறுகும். அதை இளக்கிக்கொண்டு நான் கிடக்கும்போது, கூப்பிடாமலே வந்து டார்ச் பிடிப்பான். நல்லூரில் எந்தக் கடையில் புரோட்டா நன்றாக இருக்கும் என்று சண்டை போட்டுக்கொள்வோம். அந்த இருட்டில் அவன் இல்லாமல் இருந்திருந்தால் நான் பைத்தியமாகியிருப்பேன்.

தைப்பொங்கல் வந்தது. சூரியனே இல்லாத இடத்தில் பொங்கல் என்று சிரித்துக்கொண்டு, குக்கரில் பால்பவுடரும் வெல்லமும் போட்டுப் பொங்கினோம். எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் தெற்கே பார்த்துக் கும்பிட்டோம். தலைவரும் ஒரு கிண்ணம் சாப்பிட்டார். பொங்கல் என்றால் எங்களுக்குப் புதுத்துணி உண்டு. நான் பெட்டியிலிருந்து பிரிக்காத பனியன் இரண்டு எடுத்து, ஒன்றை நான் போட்டுக்கொண்டு ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். அவன் தயங்கினான்.

"லீடர் வேண்டாம்னு சொல்லியிருக்காருல்லாண்ணே."

"ஏனுங்க தம்பி, பொங்கலும் அதுவுமா பழசையா போடுவீங்க? நம்மூர்த் துணிங்க. ஒரு நாளைக்குப் போட்டா ஒண்ணும் ஆகாதுங்க."

இன்னும் இரண்டு தடவை வற்புறுத்தினேன். வாங்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று அவனுக்குத் தெரியும். போட்டுக்கொண்டு வந்து, அண்ணே, சும்மா சொல்லக் கூடாது, சுகமா இருக்கு என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று மதியம், மதியம் என்று கடிகாரம் சொன்ன நேரத்தில், காற்று அளக்கும் கம்பத்திலிருந்து தகவல் வருவது நின்றுவிட்டது. புயலுக்கு முன்னால் சரிசெய்துவிட்டு வரச் சொன்னார் தலைவர். ரேடியோவில் அவர் இருக்க, நாங்கள் இருவரும் பனியில் ஓடுகிற ஸ்கூட்டரில் போனோம். அரைமணி நேர ஓட்டம். கருவிப் பெட்டி ஆள் உயரப் பனிக்குள் புதைந்திருந்தது. கரடி நடமாட்டம் உள்ள இடம் என்பதால் ஒருவர் வேலை செய்தால் மற்றவர் துப்பாக்கியோடு நிற்க வேண்டும், அது விதி. அவன் தோண்டினான், நான் நின்றேன். ஒரு மணி நேரத்துக்குமேல் தோண்டியிருப்பான். நடுவில் கோட்டின் ஜிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு, நல்லா வேர்க்குதுண்ணே என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

கம்பியை மாற்றிப் பெட்டியை மூடியபோது காற்று எழுந்துவிட்டது. ஸ்கூட்டர் கிளம்பவில்லை. எரிபொருள் குழாயில் தண்ணீர் உறைந்து அடைத்திருந்தது. ஊரில் பத்து நிமிஷ வேலை. அங்கே கையுறையோடு ஒரு திருகைப் பிடிக்க முடியாது, கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. ஸ்கூட்டர் மறைவில் உட்கார்ந்திருந்த அவன் பல் கிட்டித்து நடுங்கினான். எழுந்து நடங்க தம்பி என்று கத்திக்கொண்டே வேலை பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. மடையன் நான், தேறிவிட்டான் என்று நிம்மதியானேன்.

திரும்பிப் பார்த்தால் அவன் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"புழுங்குதுண்ணே."

ஓடிப்போய் ஜிப்பை ஏற்றினேன். அவன் இறக்கினான். மறுபடி ஏற்றினேன். குழந்தை மாதிரி என் கையைத் தட்டிவிட்டு அதையே சொன்னான். உடம்பு கடைசியாக விறைக்கும்போது சூடாக இருப்பதாகத் தோன்றும் என்று பின்னால் தலைவர் சொல்லித்தான் தெரியும். இன்ஜின் பிடித்ததும் அவனை என் முதுகோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அவன் தலை என் தோளில் சாய்ந்தது.

தலைவர் நெடுநேரம் போராடினார். கத்தரியால் சட்டைகளை வெட்டிப் பிரித்தபோது உள்ளே அந்தப் பனியன் விறைத்து, அட்டை மாதிரி வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இது அவனுடையதா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அதே மாதிரிப் பனியன் அப்போது என் உடம்பிலும் இருந்தது.

புயல் ஓய்ந்து விமானம் வரப் பதினோரு நாள் ஆயிற்று. அதுவரை அவனைச் சாமான் கொட்டகையில் வைத்திருந்தோம். ஜெனரேட்டர் அறைக்குப் போக அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் நான்கு தடவை போனேன். பின்னால் டார்ச் வெளிச்சம் வருகிறது என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது தடவையிலிருந்து திரும்பாமல் நடக்கப் பழகினேன், ஆனால் வெளிச்சம் வருவது நிற்கவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவன் அம்மாவுக்குத் தலைவர் போனில் பேசினார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் தமிழில் சொன்னேன். தடை செய்த பருத்திப் பனியனை அவன் உள்ளே போட்டிருந்தான், அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்பதையும் என் வாயால்தான் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. பிறகு போனை வைத்துவிட்டார். துக்கம் என்று நினைத்தேன்.

ஊர் திரும்பியதும் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போனேன். காப்பி குடித்தேன், பனியைப் பற்றி என்னவோ உளறினேன், வந்துவிட்டேன். அடுத்த பொங்கலும் வந்து போனது. அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தம்மா செக்கிங் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறதாம், பனியனைக் கையால் தொட மாட்டேன் என்கிறதாம், இப்போது ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறதாம். பாதிச் சோற்றில் கை கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். ஒரே அறை வீடு. பரண்மேல் அவனுடைய பெட்டி, குழுவின் முத்திரைகூட உடைக்காமல் இருந்தது. திறக்கத் தைரியம் வரவில்லை என்றார் அவன் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"அவம் மேல தப்பு இல்லய்யா. நாந்தான் மூணு பனியன் குடுத்து விட்டேன். எங்க கம்பெனிப் பீசு. குளிருல உள்ள போட்டுக்கோ ராசான்னு சொல்லி விட்டேன். எம் பிள்ளைய நானே கொன்னுட்டேன்."

ஒன்றேகால் வருஷம் அவர் இதைச் சுமந்திருக்கிறார். சுமக்க வைத்தது என் வாய்.

"அது நீங்க குடுத்தது இல்லீங்கம்மா. நான் குடுத்ததுங்க. அவரு வேண்டாம்னுதான் சொன்னாருங்க. பொங்கலுன்னு நான்தானுங்க கட்டாயப்படுத்திப் போட வெச்சேன். தலைவரு கேட்டப்பப் பொய் சொல்லிட்டேனுங்க."

அடிப்பார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன், வேண்டிக்கொண்டும் இருந்தேன். அவர் பரணை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியை இறக்கச் சொன்னார். இறக்கி வைத்து முத்திரையை அறுத்தேன். துணிகளுக்கு அடியில் மூன்று பனியன், பாலித்தீன் உறையோடு, கழுத்துப்பட்டைக்கு வைத்த அட்டையோடு, கம்பெனியில் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார்.

"ஒண்ணக்கூடப் பிரிக்கல. பெத்தவ குடுத்ததையே, அங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னதும் ஒதுக்கி வச்சிட்டான்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"ஒங்ககிட்டதான் மாட்டேன்னு சொல்ல அவனுக்கு வாய் வரல."

எழுந்து வெளியே வந்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே பாலித்தீன் உறை பிரிகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. மூன்றாவதற்கு நான் அங்கே நிற்கவில்லை.