ஏழாம் எண் தட்டு

பாபநாசத்தில் வெற்றிசெல்வனின் பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது குந்தவையின் குரல்தான். மனிதர்களை விடுங்கள், இரும்பையே திட்டுவாள். அங்கே செய்யும் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து ‘சரி’ என்று முத்திரை குத்துவது அவள் வேலை. முன்பு நெல் அறுவடை மெஷினுக்குப் பல்சக்கரம் கடைந்துகொண்டிருந்த பட்டறை. இப்போது உலோகப் பொடியை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காகப் பொருளை வளர்த்தெடுக்கும் பிரிண்டர் அங்கே நிற்கிறது. “வயக்காட்டுல ராக்கெட் சாமானா?” என்று கேலி செய்தவர்களிடம் அவள் கேட்டாள்: “ஏன், நெல்லு மட்டும்தான் மேல வளரணுமா?”

சென்னையில் சிறிய ராக்கெட் செய்யும் கம்பெனி ஒன்று முதல்முறையாகப் பன்னிரண்டு தட்டுகள் கேட்டிருந்தது. என்ஜினுக்குள் எரிபொருளையும் திரவ ஆக்சிஜனையும் தெளிக்கிற தட்டு. உள்ளங்கை அகலம், ஊசித் துளைகள். அதில் துளி பிசுக்கு இருந்தாலும் ஆக்சிஜன் பட்டால் தீப்பிடித்துவிடும். கழுவிய தட்டை வெறுங்கையால் தொட்டவர்களைக் குந்தவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் போன ஆண்டு ஆயுத பூஜையன்று என்ன செய்தாள் தெரியுமா? பிரிண்டர், அளவுகோல், கம்ப்யூட்டர் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தவள், கழுவி, கடைசியாகப் பையில் போடக் காத்திருந்த ஏழாம் எண் தட்டுக்கும் அதே கையோடு ஒரு பொட்டு வைத்துவிட்டாள். நடுவில், அழகாக! பிறகுதான் விரலைப் பார்த்தாள்.

யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் நேராகப் போய் வெற்றிசெல்வனிடம் சொன்னாள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தட்டுகள் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். புதிதாக ஒன்று செய்ய நான்கு நாளாகும். எண்ணிக்கை குறைந்தால் கம்பெனி வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்ளும்.

“பேசாம கழுவி அனுப்பிடலாமா?”

“குங்குமம் எந்தத் துளைக்குள்ள போச்சோ, யாருக்குத் தெரியும்? என் முத்திரைய நானே நம்பலன்னா வேற யாருண்ணே நம்புவா? பதினொண்ணு போகட்டும். இது போகாது.”

தட்டுகளோடு போகும் படிவத்தில் ‘குறைக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘அந்நியப் பொருள் பட்டது’ என்று பூசி மெழுகியிருக்கலாம். அவள் எழுதியது: “பூஜைப் பொட்டு. வைத்தது நான்.”

கம்பெனியின் தரப் பிரிவு அதிகாரி ஷைலஜா போனில் வந்தார்.

“காரணத்துல என்னங்க எழுதியிருக்கீங்க?”

“நடந்தத மேடம்.”

“அது ஒண்ணு மட்டும்தானா?”

“மத்ததெல்லாம் அதுக்கு முந்தின நாளே பையில போட்டு மூடியாச்சு. சோதிச்சுப் பாருங்க. தப்பிருந்தா என்னைக் கேளுங்க.”

சோதித்தார்கள். பதினொன்றிலும் ஒரு குறையில்லை. பன்னிரண்டாவது நான்கு நாள் கழித்துப் போனது. அப்புறம் இரண்டு வாரம் சென்னையிலிருந்து மூச்சே இல்லை. குந்தவை யாரையும் திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் பட்டறையே பயந்தது.

பிறகு நாற்பது தட்டுகளுக்கு ஆர்டர் வந்தது. கழித்த தட்டை இரண்டாக வெட்டி அழிக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே ஒரு விதி இருந்தது. அந்த விதிக்குக் கீழே ஷைலஜா ஒரு வரி சேர்த்திருந்தார்: “ஏழாம் எண்ணை வெட்ட வேண்டாம். இனிமேல் பொட்டு அதற்கு மட்டும்.”

குந்தவை சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அடுத்த நிமிடமே, கையுறை இல்லாமல் நின்ற ஒருவரைத் திட்ட ஆரம்பித்தாள்.

இந்த ஆண்டு பூஜையில் முதல் பொட்டு ஏழாம் எண்ணுக்குத்தான். மற்ற தட்டுகள் பூட்டிய அறையில் இருந்தன. சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டுதான் அவள் சந்தனக் கிண்ணத்தையே கையில் எடுத்தாள்.