பிஞ்சு இல்லாத பெட்டிகள்

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் டீச்சர்கள். அப்பா, அம்மா, இரண்டு அத்தைகள், அக்கா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் மயிலாப்பூரே எங்களுக்கு மாணவர் கூட்டமாக நிற்கும். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. நாற்பதுகளில், யுத்தம் முடியப்போகும் சமயத்தில், தாவரவியல் படித்துவிட்டு ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

நாக்பூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் கற்கள் வரும். அவற்றுக்குள் எந்தக் காலத்திலோ சேற்றில் விழுந்து கல்லாகிப்போன காய்களும் விதைகளும் இருக்கும். அவை எந்தச் செடியுடையவை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்காக இன்றைக்கு மரத்தில் காய்க்கிறவற்றை ஊரெல்லாம் சேகரித்து, குறுக்காகவும் நெடுக்காகவும் அறுத்து, பெயர் எழுதி அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தோம். கல்லில் தெரிகிற ஓடும் அறையும் விதையும் எந்தப் பெட்டியோடு ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். பொறுமை இருந்தால் போதும், பெரிய மூளை வேண்டாம்.

ஒரு கல்லில் கோலிக்குண்டு அளவில் ஒரு காய் இருந்தது. அட்டெண்டர் அதைக் கண்ணாடித் தட்டில் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்ப்பார். கொஞ்சம் தேய்ந்ததும் லென்ஸில் பார்த்து நான் வரைவேன். மறுபடியும் தேய்ப்பார், மறுபடியும் வரைவேன். முழுக்கப் பார்த்து முடிக்கும்போது காய் இருக்காது, என் படங்கள்தான் இருக்கும். மெல்லிய ஓடு, உள்ளே பஞ்சு மாதிரி சதை, நடுவில் மிளகளவு விதை. எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்த்துவிட்டேன், எதிலும் அப்படி ஒன்று இல்லை.

"புதுசுதான். பேர் வெச்சு எழுதிடு," என்றார் புரொபசர். அவரும் மயிலாப்பூர்க்காரர்தான், அதிகம் பேசமாட்டார். அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் கட்டுரையை வாசித்துவிட்டால் இரண்டு வருஷ ஆராய்ச்சி உதவித்தொகை எனக்குத்தான் என்றும் சொன்னார். அது கிடைக்காவிட்டால் ஜூனில் என் வேலை முடிந்துவிடும். அப்பா ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தார். நான் அந்தச் செடிக்கு ஒரு பெயர் யோசித்து, துண்டுக்காகிதத்தில் எழுதி, கைப்பையில் வைத்துக்கொண்டேன். வெட்கக்கேடு, தினமும் பஸ்ஸில் எடுத்துப் பார்ப்பேன்.

மே மாதம் ஒருநாள் சாயங்காலம் நல்ல காற்றும் மழையும். மறுநாள் காலை வேறு ஏதோ காய் எடுக்க அடையாற்றில் ஆற்றோரத் தோட்டத்துக்குப் போனேன். புன்னை மரத்தடி முழுக்கப் பிஞ்சு உதிர்ந்து சேற்றில் அமிழ்ந்து கிடந்தது. காலில் பட்டு வழுக்கியது. ஒதுக்கித் தள்ளிவிட்டு நடந்தேன். பத்தடி போனபிறகுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

எங்கள் பெட்டிகளில் இருந்தவை எல்லாம் முற்றிய காய்கள். கோணல் கிடையாது, சொத்தை கிடையாது. சேகரித்தவர்கள் எல்லாரும் தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் கூடையில் போடாத வீட்டுப் பிள்ளைகள். விளையாததைக் கண்டால் கை தானாக விலக்கிவிடும். சேறு அப்படிப் பொறுக்குமா? விழுந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

ஒரு கைக்குட்டை நிறையப் பொறுக்கிக்கொண்டு போனேன்.

"இன்னாம்மா, கீய வுழுந்து வீணாப் போனதெல்லாம் பொறுக்கினு வந்துகீறீங்க? நல்ல காயே கெடைக்கலியா?" என்றார் அட்டெண்டர்.

அறுத்துப் பார்த்தேன். மெல்லிய ஓடு, பஞ்சு, மிளகளவு விதை. அதே மண்படுகையிலிருந்து வந்த இன்னொரு கல்லில் முற்றிய காய் ஒன்று கிடைத்து, புன்னை வகை என்று புரொபசரே முன்பு எழுதியிருந்தார். என் புதுச் செடி அதனுடைய பிஞ்சுதான்.

இரண்டு நாள் அவற்றை மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். நியாயம் அநியாயம் பற்றியெல்லாம் யோசித்ததாக நினைவில்லை. பள்ளிக்கூட மணிச் சத்தத்தைத்தான் யோசித்தேன். மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டுபோய் புரொபசர் மேஜையில் வைத்தேன்.

அவர் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"வேற யாருக்காவது தெரியுமோ?"

"தெரியாது, சார்."

"கல்லும் தேஞ்சு போயிடுத்து. இனிமே யாராலயும் அதைப் பாக்க முடியாது."

மறைக்கச் சொன்னாரா, இருப்பதைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"என் படமெல்லாம் இருக்கே, சார். சரியாத்தான் வரைஞ்சிருக்கேன்," என்றேன். "ஒரு பிஞ்சைப் பக்கத்துல வெச்சுப் பாத்தா யாருக்கும் தெரிஞ்சுடும்."

அவர் என் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திருப்பி, நான் செடிக்கு வைத்த பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். அவருடைய அடுத்த கட்டுரையில், அந்தப் புன்னை வகையின் முதிராத காயும் கிடைத்திருக்கிறது என்று ஒரே வரி வந்தது. உதவித்தொகை பாசிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவருக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர். அவர்மேல் எனக்குப் பொறாமை இருந்தது, வெகுகாலம் இருந்தது.

ஜூனில் தியாகராய நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், அம்மா பாயசம் வைத்தாள். முதல் நாள், முதல் ஃபாரம், அதாவது ஆறாம் வகுப்பு, விதை முளைப்பது பற்றிய பாடம். கரும்பலகையில் அவரை விதையைப் பிளந்தாற்போல் வரைந்தேன். கல்லுக்குள் இருந்த காயை வரைந்த அதே கை, ஒரு கோடு பிசகவில்லை. பின்னால் நாற்பது பெண்கள், "எவ்வளவு நல்லா வரைறாங்க டீச்சர்," என்று முணுமுணுத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அதை முழுக்க அழித்தேன். பிறகு, பாடம் நடக்க வேண்டுமே என்று மறுபடியும் வரைந்தேன்.