பதின்மூன்றாவது ஆள்

சனிக்கிழமை காலையில் சிட்னியின் லிட்கமில் நாங்கள் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருக்கும்போது கல்கரியில் மாமாவுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம்கூட முடிந்திருக்காது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பூமி உருண்டை, ஒரு பக்கம் பகல் என்றால் மறுபக்கம் இரவு என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஆனாலும் அம்மாவின் தம்பி எப்போதும் நேற்றிலேயே இருக்கிறார் என்பதுதான் எனக்கு நம்பக்கூடிய விளக்கமாக இருந்தது. நேற்றில் இருக்கிற ஒருவர் பழைய படங்களோடு வேலை செய்வதில் என்ன அதிசயம்?

மாமாவுக்கு வேலை ஒரு ரயில் ஆவணக் காப்பகத்தில். கனடாவின் மேற்கே மலைகளைக் குடைந்து தண்டவாளம் போட்ட காலத்துப் படங்களும், ஸ்டேஷன் மாஸ்டர்மாரின் நாட்குறிப்புகளும், தொழிலாளர் பதிவேடுகளும் அங்கே ஒரு நிலவறையில் பெட்டி பெட்டியாக இருந்தனவாம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசு தட்டி, கணினியில் ஏற்றி, படத்தில் இருப்பது எந்த இடம், எந்த எஞ்சின், யார் யார் என்று இடமிருந்து வலமாக விவரம் எழுதுவது அவருடைய பொறுப்பு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போகும் முன் அதில் ஒரு படத்தை எனக்கு அனுப்புவார். கீழே ஒரு கேள்வியும் இருக்கும். தமிழில் எழுதினால்தான் மருமகள் வாசிக்கப் பழகுவாள் என்று தமிழில் எழுதுவார். நான் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு இங்கிலிஷில் பதில் போடுவேன்.

பனி தள்ளுகிற பெரிய தகடு பூட்டிய எஞ்சின் ஒன்று ஆளுயரப் பனிக்குள் நிற்கும். இதில் ஒரு நாய் இருக்கிறது, எங்கே என்று கேட்பார். மத்தியானச் சாப்பாடுவரை தேடி, எஞ்சின் சாரதியின் ஜன்னலுக்குள் இரண்டு காதுகளைக் கண்டுபிடிப்பேன். பள்ளத்தாக்கின் மேல் மரக்கால்களில் நிற்கிற பாலத்தில் ஒரு கூட்டம் நிற்கும். தொப்பி போடாதவர் யார் என்பது கேள்வியாக இருக்கும். நான் விடாக்கண்டி. ஒரு தடவையும் தோற்றதில்லை என்று ஒரு கொப்பியில் கணக்கு வைத்திருந்தேன்.

ஒரே ஒரு தடவை மாமாவிடம் வாங்கிக்கட்டினேன். சீனத் தொழிலாளர்கள் பத்துப் பேர் மண்வெட்டிகளோடு வரிசையாக நிற்கிற படம் அது. விவரத்தில் எல்லாருக்கும் சேர்த்து ‘அடையாளம் தெரியாதவர்கள்’ என்று ஒரே வரி. இத்தனை பேர் பெயரில்லாமல் நிற்பது எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கோயிலில் சாப்பாடு பரிமாறுகிற அங்கிள்மாரின் பெயர்களையும், போதாததற்கு என் வகுப்புப் பையன்கள் மூன்று பேரின் பெயர்களையும் இடமிருந்து வலமாகப் போட்டு அனுப்பிவைத்தேன். மாமா சிரிப்பார் என்று காத்திருந்தால் நீளமாக ஒரு பதில் வந்தது. அந்த மனிதர்களின் பெயர்களைத் தேடித் தான் பதிவேடுகளைப் புரட்டியதாகவும், வெள்ளைக்காரருக்குப் பெயர் எழுதியவர்கள் இவர்களுக்கு எண்ணிக்கை மட்டும் எழுதி வைத்திருப்பதாகவும் சொல்லியிருந்தார். கடைசி வரிகள் எனக்கு இன்னும் பாடம்.

“ஊகிச்சுப் பேர் எழுதேலாது, மருமகள். ஆளைத் தெரிஞ்ச ஒராள் படத்தைப் பாத்துச் சொல்லவேணும். அப்ப அவற்ற பேரை எழுதி, அடையாளம் காட்டினது ஆர் எண்டும் பக்கத்தில எழுதுவம்.”

இலங்கையில் சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது. எங்கள் வீட்டுக் கணினியில் பெரியவர்களும் படங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகாம்களில் முட்கம்பிக்குப் பின்னால் கூட்டமாக நிற்கிற சனத்தின் படங்கள். வருகிற அன்ரிமாரும் அங்கிள்மாரும் கதிரைகளை இழுத்துப் போட்டு, ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை என்று முகம் முகமாகப் பார்ப்பார்கள். அவர்களுக்கும் யாரோ ஒரு மாமா கேள்வி அனுப்பியிருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்குத் தந்தால் கெதியாகக் கண்டுபிடித்துத் தருவேன் என்று ஒருநாள் சொன்னேன். ஒரு அன்ரி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார், ஆனால் படத்தைத் தரவில்லை.

அம்மாவுக்கு வேறொரு படம் வேண்டியிருந்தது. மாமாவின் படம். கனடாவுக்குப் போன பிறகு அம்மா அவரை நேரில் கண்டதில்லை. முன்பெல்லாம் குளிர்ச்சட்டையோடு, காருக்குப் பக்கத்தில், யாருடையதோ கலியாண வீட்டில் என்று படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். கணினியில் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்றால் கமெரா பழுது என்பார். திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்பார். சனிக்கிழமை தொலைபேசியில் அம்மா சாப்பிட்டாயா என்று தொடங்கி ஒரு படம் அனுப்பேன்டா என்று முடிப்பாள். மாமா ஓம் ஓம் என்பார். அடுத்த கிழமையும் ரயில்தான் வரும். வெள்ளைக்காரி ஒருத்தியைக் கட்டி, அவளை மறைக்கத்தான் இந்தக் கமெராவும் பழுதாகியிருக்கிறது என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு. கட்டினால் கட்டட்டும், முகத்தைக் காட்டினால் போதும் என்று அம்மா சொல்லுவாள். குசினிக்குள் போய் அதையே இன்னொரு தடவை தனக்குச் சொல்லுவாள்.

அந்தச் சனிக்கிழமை வந்தது ஒரு சுரங்க வாயின் படம். மலையின் அடியில் கறுப்பாக ஒரு துளை, அதன் முன்னால் தொழிலாளர்கள் குந்தியும் நின்றும் இருந்தார்கள். சட்டம் போட்ட பழைய படம், கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டதால் கழற்ற முடியவில்லை, ஸ்கானரில் வைக்காமல் கமெராவால் எடுத்தேன் என்று மாமா எழுதியிருந்தார். கண்ணாடிச் சட்டப் படங்களை எப்படி எடுப்பது என்று முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். கமெராவின் கண் மட்டும் தெரிகிற அளவுக்கு ஓட்டை வெட்டிய கறுப்புத் துணியை முன்னால் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் எடுக்கிறவரும் கண்ணாடியில் விழுந்து படத்துக்குள் வந்துவிடுவார். மாமா கறுப்புத் துணிக்குள் ஒளிந்து நிற்பதை நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

கேள்வி சின்னது. இதில் எத்தனை பேர்? விவரத்திலேயே விடை இருந்தது: ‘சுரங்க வாயில் தொழிலாளர்கள் பன்னிருவர். அடையாளம் தெரியாதவர்கள்.’ இவ்வளவு லேசான கேள்வியைக் கேட்கிற ஆள் இல்லையே என்று எனக்குச் சந்தேகம் வந்தது. எண்ணினேன். பன்னிரண்டுதான். வலமிருந்து இடமாக எண்ணினேன், பன்னிரண்டு. பிறகு, நாய் ஒளிந்திருந்த ஜன்னலை நினைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத சுரங்கத்தின் கறுப்புக்குள் தேடினேன். அங்கே ஒருவர் நின்றார். மற்றவர்களைவிடப் பெரிதாக, மங்கலாக, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி ஒரு கிழவர். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. புருவம் இல்லை.

மாமாவின் கணக்கே பிழை என்று நிறுவிவிட்ட சந்தோசத்தில் நான் கூச்சல் போட்டேன். தமிழ்ப் பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று சீப்போடு என்னைத் தேடிக்கொண்டிருந்த அம்மா வந்து, ஓம் ஓம், பதின்மூன்று என்று பார்க்காமலே ஒத்துக்கொண்டாள். நான் விரலால் காட்டினேன். அம்மா குனிந்தாள்.

பிறகு நிமிரவில்லை. என் கையிலிருந்த மவுசை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக ஆக அந்த முகம் சாம்பல் புள்ளிகளாக உடைந்தது. திரும்பச் சின்னதாக்கினாள். திரையில் விரல் வைத்தால் வீட்டில் அப்பா சத்தம் போடுவார். அம்மா வைத்தாள், அந்தத் தொப்பியின்மேல்.

“மாமா,” என்றாள்.

எனக்கு மாமாவைத் தெரியாதா? மாமாவுக்குத் தலை நிறைய மயிரும் பெரிய மீசையும். வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க வயதானவர்களைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு ஆள் மாறிவிட்டது என்று நினைத்தேன். மாமாவின் விதியையே எடுத்து விட்டேன். ஊகித்துச் சொல்லக்கூடாது, தெரிந்த ஆள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

“நான் ஊகிக்கேல்லைப் பிள்ளை. எனக்குத் தெரியும். தலையைச் சரிச்சு நிக்கிறான் பார்.”

அம்மா தொலைபேசியை எடுத்தாள். கல்கரியில் மாமா இன்னும் வேலையிடத்தில் இருந்திருக்க வேண்டும், உடனே எடுத்துவிட்டார். பதின்மூன்று என்று நான்தான் முதலில் சொல்ல வேண்டுமென்று அம்மாவைச் சுற்றித் துள்ளிக்கொண்டு நின்றேன். அம்மா உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. படம் அனுப்பு என்றும் கேட்கவில்லை.

“தம்பி, அந்தத் தொப்பி குளிருக்குப் போட்டதோ?”

அம்மா தொலைபேசியைக் காதோடு வைத்துக் காத்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தால் ஒரு ரயில் வந்து, லிட்கம் ஸ்டேஷனில் நின்று, திரும்பவும் வெளிக்கிட்டுப் போனது. பிறகு மாமா கதைத்திருக்க வேண்டும். அம்மா குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள். எத்தனை மாதம் என்று ஒரு தடவை கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

“நான் வாறன். நீ ஒண்டும் சொல்லாதை. நான் வாறன்.”

இரத்தத்தில் புற்றுநோய். பத்து மாதமாக வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு வரக்கூடிய நாட்களில் வந்து, படங்களுக்கு விவரம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வருடம் அக்கா பார்த்துக்கொண்டிருந்த படங்களே போதும், தன் படம் வேறு எதற்கு என்று நினைத்தாராம். இதெல்லாம் எனக்கு வளர்ந்த பிறகு சொல்லப்பட்டவை. அன்றைக்குக் கறுப்புத் துணியைத் தொங்கவிட மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அத்தனை வருடம் கண்ணாடிச் சட்டங்களோடு வேலை செய்தவர் அதை மறப்பாரா? அப்படி மறந்திருந்தாலும், எத்தனை பேர் என்று ஏன் கேட்டார்? என்னிடம் கேட்டால் அம்மா பார்ப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வாயால் சொல்ல முடியாததை மனிதர் கேள்வியாகப் போட்டிருக்கிறார். நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் கோபமும் அன்பும் சேர்ந்தே வருகின்றன.

பன்னிரண்டு நாளில் அம்மா வெளிக்கிட்டாள். என்னைக் கூட்டிப்போகவில்லை. படத்தில் ஆளைக் கண்டுபிடித்தவளை வீட்டில் விட்டுவிட்டு, சீப்போடு நின்றவள் கனடா போவது எந்த ஊர் நியாயம் என்று நான் விமான நிலையத்தில் அழுதேன். வெள்ளைக்காரிக் கதையை அப்பா அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. தலைபின்னத் தெரியாத கையால் எனக்குப் பின்னிவிட்டார்.

அம்மா போய் இரண்டாம் சனிக்கிழமை அதே சுரங்கப் படம் திரும்ப வந்தது. கேள்வி இல்லை, விவரம் மட்டும் திருத்தியிருந்தது. ‘சுரங்க வாயில் தொழிலாளர்கள் பன்னிருவர். அடையாளம் தெரியாதவர்கள். கண்ணாடியில் தெரிபவர்’ என்று எழுதி மாமாவின் முழுப்பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில்: ‘அடையாளம் காட்டியவர், அக்கா.’

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கண்டுபிடித்தது நான், பெயர் அம்மாவுக்கா? இந்த அநியாயம் உடனே தமிழில் எழுதப்பட வேண்டியது என்று தோன்றியது. என் வாழ்க்கையில் முதன்முதல் தமிழில் எழுதிய கடிதம் அதுதான். ஆறு வரி, எத்தனையோ பிழை. மாமா அதை அம்மாவைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்துக் கேட்டாராம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, இருமல் வரும்வரை சிரித்தாராம். தான் போன நாளிலிருந்து அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டதாக அம்மா பிற்காலத்தில் சொன்னாள். அதற்குப் பிறகும் இரண்டு பனிக்காலம் மாமா இருந்தார். கமெரா திருந்திவிட்டது. சனிக்கிழமைகளில் தொப்பியோடு, பிறகு தொப்பி இல்லாமல், எங்கள் திரையில் வந்து கதைத்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. நான் சொல்ல வந்தது மூன்றாவது சனிக்கிழமையைப் பற்றி. அன்றைக்குப் படம் மறுபடி வந்தது. அம்மாவின் பெயருக்கு முன்னால் ஒரு வரி கூடியிருந்தது: ‘முதலில் கண்டவர், மருமகள்.’ கொப்பியில் எனக்கு ஒரு வெற்றி போட்டுக்கொண்டேன். பிறகு குசினிக்கு ஓடிப்போய், கோப்பை கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் படம் சரியாகிவிட்டது, இனி ஒரு பிழையும் இல்லை, அம்மா இனி வீட்டுக்கு வரலாம்தானே என்று கேட்டேன்.

“ஓம். வருவா,” என்றார் அப்பா.

பைப்பை மூடாமல், கழுவி முடித்த கோப்பையையே அவர் ஏன் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார் என்று எனக்கு விளங்கவில்லை.