மாதிரிப் பள்ளிக்குப் போய் வந்தது

பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். திருச்சுழி போகும் பாதையில் இருக்கும் எங்கள் ஊருக்குள் அவர் அதற்கு முன் வந்ததில்லை. மாவட்ட மாதிரிப் பள்ளிக்கு நான் தேர்வாகியிருப்பதாகச் சொன்னார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் தங்க வைத்து, பெரிய கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுகளுக்கும் சேர்த்துப் படிக்க வைக்கும் பள்ளி அது. அதுவும் அரசுப் பள்ளிதான்.

"நம்ம ஸ்கூல்ல இருந்து இவ ஒருத்திதான். யோசிக்காம அனுப்புங்க" என்றார்.

அம்மா யோசிக்கவே இல்லை. டீயைக் கொடுத்துவிட்டு, என்னென்ன துணி எடுத்து வைக்க வேண்டும் என்று அவரிடமே கேட்க ஆரம்பித்துவிட்டார். பெண் பிள்ளையை வெளியூரில் தங்க வைக்க அம்மாதான் மறுப்பார் என்று தெருவில் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். மறுத்தது அத்தா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அத்தா அப்போது சவூதியில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். மற்றபடி எனக்கு அவர் போன் திரையில் தெரியும் ஒரு முகம், அதற்குப் பின்னால் ஒரு நீலச் சுவர். விஷயத்தைச் சொன்னதும் "அதெல்லாம் வேணாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. கடையில் ஆள் நிற்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம், ஜும்ஆ தொழுகை முடிந்து அவரே கூப்பிட்டார். அம்மா சண்டைக்குத் தயாராக இருந்தார்.

"ஏங்க, சும்மா கெடைக்கிற படிப்ப எதுக்கு வேணாங்கிறீக?"

அத்தா போனைத் திருப்பினார். நீலச் சுவருக்கு எதிர்ப்பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தோம். சின்ன அறை. ஒன்றன்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். குறுக்கே கட்டிய கயிற்றில் யார் யாருடைய சட்டைகளோ. ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"இதுதான் நான் இருக்கிற எடம்" என்றார் அத்தா. "ஊர விட்டு வந்து, தெரியாத ஆளுகளோட ஒரே ரூமுல படுக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும். நான் கல்யாணம் ஆகி, பிள்ளையும் பெத்துட்டுத்தான் வந்தேன். அப்பவே அழுதேன். இவ சின்னப்புள்ள."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் ஏன் ஒரு நாளும் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பிறகு மெதுவாக, "நீங்க பொழைக்கப் போனீக. இவ படிக்கப் போறா. எதுக்கும் போயிப் பாத்துட்டு வாரோம். நீங்களும் கூடவே பாருங்க" என்றார்.

அப்படித்தான் அருப்புக்கோட்டையில் பஸ் மாறி விருதுநகர் போனோம். விடுதிக்குள் நுழைந்ததும் அம்மா வீடியோ காலைப் போட்டு, போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வார்டன் அம்மா கொஞ்சம் திகைத்துப் பார்த்தார். பிறகு "குடுங்க, நானே காட்டுறேன்" என்று போனை வாங்கிக்கொண்டார்.

அத்தா ஒன்று விடாமல் கேட்டார். "கொழாயக் கொஞ்சம் தெறங்க, தண்ணி வருதான்னு பாப்போம்." தண்ணீர் வந்தது. "ஜன்னல் அடைக்க முடியுதா?" அடைத்துக் காட்டினார். "தொழுகைக்கு எடம் இருக்கா?" மாடியில் ஒரு மூலையைக் காட்டினார். கடைசியாக, "ராத்திரியில காய்ச்சல் கண்டா யாரும்மா கூட்டிட்டுப் போவாக?" என்றார்.

"நான்தாங்க. எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு. கவலைப்படாம இருங்க."

அத்தா என்னைக் கூப்பிடச் சொன்னார். "போ பாப்பா. ஆனா ஒண்ணு. முடியலன்னா முடியலன்னு சொல்லிரணும். ஏன்னு நான் கேக்க மாட்டேன்."

பள்ளியைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சிவகாசி, நரிக்குடி, ராஜபாளையம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள். எல்லோருமே தங்கள் பள்ளியில் முதலாவதாக வந்தவர்கள். சாயங்காலம் சந்தேகம் கேட்டால் ஆசிரியர்கள் நின்று சொல்லித் தருவார்கள். எனக்குத்தான் இயற்பியல் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் முதல் ஆளாக இருந்தவள், அங்கே ஒவ்வொரு பரீட்சையிலும் கடைசிக்குப் பக்கத்தில் நின்றேன். பக்கத்துக் கட்டில் நரிக்குடிப் பெண் எனக்காகத் தன் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு கணக்குகளைப் போட்டுக் காட்டுவாள். அவளுக்கு டாக்டராக வேண்டும். அதைச் சொல்லும்போது அவள் முகமே மாறிவிடும். எனக்கு அப்படி எதைச் சொன்னாலும் முகம் மாறவில்லை.

ஒரு நாள் உயிரியல் ஆய்வகத்தில் ஆசிரியை விளையாட்டுப் போலப் பஞ்சு இழை ஒன்றையும் நைலான் இழை ஒன்றையும் நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். நைலான் கண்ணாடிக் கம்பி மாதிரி நேராக இருந்தது. பருத்தி இழை முறுக்கிக்கொண்டு, சுருங்கிய ரிப்பன் போல இருந்தது. எங்கள் ஊரைச் சுற்றிலும் விளைகிற பருத்தி. அதற்குள் இப்படி ஒரு முறுக்கு இருப்பது எனக்குத் தெரியாது. மற்றவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை.

"டீச்சர், இதப் பத்திப் படிக்கிறதுக்கு என்ன குரூப்பு?"

"துணியப் பத்தியா? அருப்புக்கோட்டையில ஒரு அரசுப் பள்ளியில நெசவுத் தொழில்நுட்பம் இருக்கு. தொழிற்கல்விப் பிரிவு. ஆனா நீ இங்க படிச்சிட்டே பின்னால அந்தப் பக்கம் போகலாம். அவசரப்படாத" என்றார்.

அவர் சொன்னது நியாயமான யோசனை. ஆனால் அந்த இரண்டு வருட இயற்பியலைத் தாண்டுவேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. வீட்டு ஏக்கமும் இருந்தது. எது எவ்வளவு என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தாவிடம், "முடியலத்தா" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது கேட்டது.

"சரி. அம்மாவ அனுப்புறேன்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

அம்மாவுக்குக் கடும் கோபம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று பஸ் ஏறினார். ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று பஸ்ஸில் எல்லோரும் பேசிக்கொள்ளும் குமாரலிங்கபுரம் பக்கம் வரும்போதுதான், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"இப்ப என்னதான் படிக்கப் போற?"

"துணி."

"துணியா? அதப் படிக்க வேற செய்யணுமா?" என்றவர், கோபத்தை மறந்து சிரித்துவிட்டார்.

பள்ளியிலிருந்து என்னை விரட்டிவிட்டதாகத் தெருவில் பேச்சு. தலைமையாசிரியைக்கு வருத்தம். "ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தேனேம்மா" என்றார். ஆனாலும் அருப்புக்கோட்டைப் பள்ளிக்குப் போன் போட்டுப் பேசி, இடம் வாங்கித் தந்தது அவர்தான். "அதுவும் கவர்மெண்டு ஸ்கூலு, இதுவும் கவர்மெண்டு ஸ்கூலு. எங்கயாவது ஒழுங்காப் படி" என்று அனுப்பினார்.

தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். எங்கள் வகுப்பில் ஆட்கள் குறைவு. மார்க் குறைந்தவர்கள் சேரும் குரூப் என்று மற்ற வகுப்புகளில் சொல்வார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. காலையில் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற ஆசையோடு எழுந்தேன், அது போதுமானதாக இருந்தது.

அந்த வருடம் ரமலானில் ஒரு நாள் அத்தா போன் செய்தார். நோன்பு திறந்துவிட்டீர்களா என்று விசாரித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கும் முடியல. வந்துரட்டா?"

அம்மா கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றார். "வாங்க" என்றார். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அத்தா வந்து மல்லாங்கிணறில் சின்னதாக ஒரு மளிகைக் கடை போட்டார். "இந்தப் புள்ள முடியலன்னு சொல்லிருச்சு. எனக்கு இத்தன வருசமா வாயில வரல" என்று ஒரு நாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்கள யாரு சொல்ல வேணாம்னது?" என்றார் அம்மா, அரிசியைப் புடைத்துக்கொண்டே.

நான் இப்போது கோயம்புத்தூரில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறேன். ஹாஸ்டலில்தான் இருக்கிறேன், இந்த முறை அழவில்லை. நரிக்குடிப் பெண் மருத்துவக் கல்லூரியில் இருக்கிறாள். அவளுக்கு அந்தப் பள்ளிதான் சரியான இடமாக இருந்தது.

அத்தா திரும்பி வந்த புதிதில் எங்களுக்குள் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. போனில் பேசிப் பழகியவர்கள், நேரில் பார்த்தால் "சாப்பிட்டியா" என்பதோடு பேச்சு நின்றுபோகும். ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு வந்தவர், நான் அட்டையில் இரண்டு நிற நூலைக் கட்டி நெசவு மாதிரி செய்துகொண்டிருப்பதைப் பார்த்து எதிரே உட்கார்ந்தார்.

"இது என்ன பாப்பா?"

"நெடுக்க ஓடுறது பாவு. குறுக்க ஓடுறது ஊடை. ஒண்ணு விட்டு ஒண்ணு மேல போகணும்."

அத்தா ஊசியை வாங்கி, குறுக்கு நூலைக் கோத்தார். இரண்டாவது வரியிலேயே தப்பு. பிரித்துவிட்டு மறுபடி கோத்தார். மறுபடியும் தப்பு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். "இரு, இந்த ஒரு வரிய முடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, அத்தா மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.