ப்ரூஜா, கென்ட்டா? அடுப்பைக் கேளுங்கள்

ஊர் ஊராக ஆளை அனுப்பிவிட்டு, தான் மட்டும் நாற்காலியிலேயே தேய்கிற தொழில் டிக்கெட் ஏஜென்ட் தொழில். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிய என் இனத்தாரே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும். ஐம்பதுகளில் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு கப்பல் டிக்கெட் ஆபீசில் நான் குமாஸ்தா. கொழும்புக்கும் பினாங்குக்கும் டிக்கெட் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தவனை, பெல்ஜியத்து ஊர்கள் இரண்டு சேர்ந்து படுத்தியதைச் சொல்கிறேன்.

ஒரு அடுப்பு, இரண்டு ஊர்

திருமயம் பக்கத்திலிருந்து சாத்தப்ப செட்டியாரும் விசாலாட்சி ஆச்சியும் காரில் வந்து இறங்கினார்கள். மகன் லண்டனில் படிப்பை முடிக்கிறான். அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பெல்ஜியத்தில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும். அங்கே கென்ட், ப்ரூஜ் என்று இரண்டு பழைய ஊர்கள். கென்ட்டில் பெரிய கோட்டை. ப்ரூஜில் தெருவுக்குத் தெரு வாய்க்கால். செட்டியாருக்குக் கென்ட். ஆச்சிக்கு ப்ரூஜ்.

"கோட்டை பாக்க அம்புட்டுத் தூரம் போகணுமா? திருமயத்துல பஸ்ஸ விட்டு இறங்குனா மூஞ்சிக்கு நேரா நிக்குது" என்றார் ஆச்சி.

"அப்ப தண்ணி பாக்க நம்ம ஊருணி பத்தாதாக்கும்?" என்றார் செட்டியார்.

நான் நடுவில் புகுந்து, ஊருக்கு ஒரு ராத்திரி என்று வைத்துக்கொள்ளலாமே என்றேன். செட்டியார் என்னைப் பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அரிசி, வத்தல், பருப்புப்பொடி, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் கூடவே வருகிறதாம். "தெனம் ஒரு ஊர்ல மூட்டையக் கட்டி அவுக்க நாங்க என்ன சர்க்கஸ் கம்பெனியா, தம்பி? அடுப்பு எங்கயோ அங்கதான் ஜாகை!"

நான் போகாத ஊர்கள்

"நீ இந்த ஊரெல்லாம் பாத்திருக்கியா?" என்று கேட்டார் செட்டியார். நான் அதுவரை திருச்சி ஜங்ஷனைத் தாண்டியதில்லை. தாண்டாதவன்தானே விவரமாகச் சொல்ல முடியும்? ப்ரூஜில் தபால்காரர் படகில் வந்து அகப்பையில் கடிதத்தை நீட்டுவார் என்றேன். அன்னங்கள் அவருக்கு வரிசையாக நின்று வழிவிடும் என்றேன். கென்ட் கோட்டைக்கும் குறை வைக்கவில்லை. மதில்மேல் நின்று கூப்பிட்டால் எதிரொலி மறுநாள் காலையில்தான் திரும்பி வரும் என்றேன்.

செட்டியார் வாயைப் பிளந்தார். ஆச்சி அசையவில்லை. "கூப்பிட்டா மறுநா பதில் சொல்ற ஆளோட நான் முப்பது வருசமாக் குடும்பம் நடத்துறேன், தம்பி. அதுக்கு எதுக்குக் கென்ட்?"

சூலம்

மறுவாரம் செட்டியார் தனியாக வந்திருந்தால் பரவாயில்லை. பஞ்சாங்கத்தோடும் ஆச்சியோடும் வந்தார். பிரஸ்ஸல்ஸில் ரயில் ஏறுவது வெள்ளிக்கிழமை. வெள்ளி மேற்கே சூலம். ப்ரூஜ் மேற்கே. ஆகவே ஆகாது. முடிந்தது வழக்கு என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

நான் மேப்பை விரித்துக் காட்டினேன். இரண்டு ஊருக்கும் ஒரே ரயில், ஒரே திசை. கென்ட் முதலில் வரும், ப்ரூஜ் அதற்கு அப்பால். ஆச்சி குனிந்து பார்த்தார். "அப்ப கென்ட்டு வரைக்கும் சூலம் தூங்கிக்கிட்டு வருமாக்கும்? அங்கிட்டுப் போனாத்தான் முழிச்சுக்குமாக்கும்? நான் பரிகாரமா ஒரு துண்டு வெல்லத்த வாயில போட்டுக்கிட்டு ஏறுறேன், போங்க!"

பஸ்ஸில் வந்தவர்

அப்படியும் செட்டியார் கென்ட்டுக்கே இரண்டு டிக்கெட் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் ஆச்சி காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில், தனியாக வந்து நின்றார். சுவரில் ப்ரூஜ் படம் ஒன்று மாட்டியிருந்தேன். வீடுகளெல்லாம் வாய்க்கால் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டுல பெல்ஜியம் கண்ணாடி ஒண்ணு சாச்சு மாட்டியிருக்கு. வாசலுக்கு யாரு வந்தாலும் உள்ளருந்து அதுலதான் பாப்பேன். கல்யாணமாகி வந்ததுலருந்து நான் பாத்த ஊரெல்லாம் அதுக்குள்ளதான். இங்க ஊரே கண்ணாடியில நிக்குது. இத நேரா நின்னு பாக்கணும். என் டிக்கெட்ட மட்டும் ப்ரூஜ் வரைக்கும் போடுங்க. அவுககிட்ட நானே சொல்லிக்கிறேன்."

போட்டேன். அங்கே சமையற்கட்டோடு ஓர் அறைக்கும் எழுதிவிட்டேன். மேனேஜருக்குத் தெரிந்ததும் மேஜை அதிர்ந்தது. செட்டியார் குடும்பத்து டிக்கெட்டை நம்பித்தான் எங்கள் ஆபீசில் ஃபேன் சுற்றியது. டிக்கெட்டை மாற்று என்றார். பயணம் போகிறவர் கேட்ட ஊருக்குத்தான் போட்டிருக்கிறேன், மாற்ற முடியாது என்றேன். பல்லைக் கடித்தார். "செட்டியார் திரும்பி வந்து இந்தப் படியில கால வைக்கிறப்ப, நீ அந்தப் படி வழியா வெளிய போயிரு!"

திரும்பி வந்தவர்கள்

வந்தார்கள். மேனேஜர் எழுந்து நின்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன். செட்டியார் மூச்சு விடாமல் கொட்டினார். கென்ட் ஸ்டேஷனில் அவர் துணிப்பெட்டியோடு இறங்கித் திரும்பினால், ஆச்சி அடுப்பையும் அரிசி மூட்டையையும் அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். "எனக்கு அடுத்த ஊரு" என்றாராம். ரயிலே யார் பக்கம் சேர்வது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு ஆச்சி பக்கம் சேர்ந்து கிளம்பிவிட்டதாம். (ரயில் யோசித்தது மட்டும் என் கைச்சரக்கு.)

"கோட்டை எப்படிங்க இருந்துச்சு?" என்றேன்.

"பசியில எந்தக் கோட்டை தெரியும்? ரொட்டியும் வெண்ணெயும் குடுத்தான். அடுத்த ரயிலப் பிடிச்சு நானும் ப்ரூஜுக்கே போயிட்டேன். வாய்க்கா ஓரமா உக்காந்து இவ ரசம் வச்சுக்கிட்டிருக்கா!"

மேனேஜர் கையைப் பிசைந்தார். "இவனை இன்னைக்கே வேலைய விட்டு எடுத்துர்றேனுங்க."

செட்டியார் பதில் சொல்லவில்லை. அவர் பதில் மறுநாள்தானே வரும். ஆச்சிதான் கவுண்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எடுங்க. இந்தத் தம்பி எந்த ஆபீஸ்ல உக்கார்றாரோ அங்க போயி எங்க டிக்கெட்டப் போட்டுக்கிறோம். அடுப்பு எங்கயோ அங்கதான் ஜாகைன்னு இவுகதான சொன்னாக? அடுப்பு எங்கிட்ட இருக்கு."

அந்த இரண்டு ஊரையும் நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை என்றாலும், எந்த ஊருக்குப் போகலாம் என்று யார் வந்து கேட்டாலும், அடுப்பு மூட்டை யார் மடியில் என்று கேட்காமல் மேப்பை விரிக்கிற ஏஜென்ட்டை நான் ஏஜென்ட்டாகவே மதிப்பதில்லை.