டல்சியின் குழாய் ஸ்பேனர்

நான் பூலியா என்ற சின்ன ஊரிலிருந்து மாட்டுப்பண்ணை பண்ணையாகத் தபால் லாரி ஓட்டிய காலத்தில், அந்த வட்டாரத்து ஆம்பளைகளுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் ஆழத்தில் பேரிங்கை இறுக்கிப் பிடிக்க ஒரு பெரிய நட் உண்டு. அதற்கென்று ஸ்பேனர் கேட்டால் இவர்களுக்கு மானம் போய்விடும். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் திருப்புவார்கள். பேரிங் வெந்து சக்கரம் நின்றால் சாலையைத் திட்டுவார்கள்.

டல்சி ஹாரிகன் பல வருஷம் பண்ணைச் சமையலறையில் ரொட்டி சுட்டு அலுத்துப்போய், ஆழ்குழாய்க் கிணறுகளைச் சுற்றிப் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கியிருந்தாள். காற்றாலை சுற்றுகிறதா, மாட்டுத்தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்று நாள் முழுக்கத் தனியாக வண்டியில் போக வேண்டும். அதற்குப் பிறகு அவள் முகமே தெளிந்துவிட்டது. ஆனால் ஆட்கள் உளியால் மாட்டிக் கொடுத்த பேரிங் இரண்டு முறை கைவிட்டு, அவள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

மேலாளர் லெஸ் பிரிகாம் நேராகவே சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை உன்னை இழுத்துட்டு வர வச்சே, திரும்ப அடுப்படிதான் டல்சி."

அன்று சாயங்காலம், பண்ணைகளெல்லாம் இருவழி வானொலியில் ஒன்றோடொன்று ஊர்வம்பு பேசும் நேரத்தில், டல்சி ஸ்பேனர் கேட்டாள். வட்டாரமே கேட்டுச் சிரித்தது.

"எங்கிட்ட உளி இருக்கும்மா, கிறிஸ்துமஸுக்குக் கட்டி அனுப்பவா?" என்றான் ஒருத்தன்.

"உன் வண்டி வீட்டு வாசல்ல படுத்திருக்காமே, அதுக்கே வச்சுக்கோ," என்றாள் டல்சி.

புண்ணியவான் ஒருவர் நட்டின்மேல் கவிழ்த்துத் திருப்பும் பெரிய லாரி சாக்கெட் ஒன்றை என்னிடம் கொடுத்தனுப்பினார். நட்டின் அளவுக்குச் சரிதான். ஆனால் தடிமனால் ஹப்புக்குள் நுழையவில்லை.

"நானும் என் பழைய கவுனும் மாதிரி இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த வாரம் வரும்போது புது நட் ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வா."

வாங்கி வந்தேன். அன்று கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். நெருப்பில் முத்திரைக் கம்பிகளுக்கு நடுவே டல்சி ஒரு பழைய பம்புக் குழாய்த் துண்டைச் செருகினாள்.

"அது யாருக்கு டல்சி? லெஸ்ஸுக்கா?" என்றேன்.

"அவர் தோலுக்கு இந்தச் சூடு பத்தாது."

சிவந்த குழாய் முனையைப் புது நட்டின்மேல் கவிழ்த்து, நட்டின் ஆறு பக்கமும் குழாயில் பதியும்வரை அடித்தாள். மறுமுனையில் கம்பி செருக ஓட்டை போட்டாள். மெல்லிய குழாய், ஹப்புக்குள் சமர்த்தாகப் போனது. தன் வண்டியின் நட்டை இறுக்கினாள், சக்கரத்தைச் சுழற்றினாள், ஒரு பொட்டு தளர்த்தினாள், மறுபடி சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டாள். அப்படி ஒரு கவனத்தை நான் தேவாலயத்தில்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த தபால் நாளில், மதியத்துக்குள் வரவேண்டியவள் வரவில்லை. லெஸ் கயிற்றை எடுத்துத் தன் வண்டியில் போட்டார்.

"வா, உன் சிநேகிதியை அடுப்படிக்குக் கூட்டிட்டு வருவோம்."

அவரோடு ஏறிக்கொண்டேன். பாதி வழியில் முன்சக்கரம் கீச்சிட்டது. லெஸ் காதில் விழாததுபோல் ஓட்டினார். பிறகு புகை வந்தது, வண்டி நின்றது. உளி வைத்தியம் பார்த்த சக்கரம், வேறென்ன ஆகும்?

வெயிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் எதிரே புழுதி கிளம்பியது. டல்சிதான். தொட்டிச் சேற்றில் மாட்டிய பசுவை இழுத்துப் போட்டதில் இடுப்புவரை சேறு. இறங்கி, லெஸ்ஸின் ஹப்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். லெஸ்ஸே கயிற்றை எடுத்துத் தன் வண்டியின் மூக்கில் கட்டினார்.

மறுநாள் காலை பட்டறையில் அவர் வண்டியின் சக்கரம் கழன்று கிடந்தது. டல்சி ஹப்புக்குள் கையை விட்டிருந்தாள். லெஸ் தானே போட்ட இரண்டு குவளைத் தேநீரோடு வந்து பக்கத்தில் நின்றார்.

அவள் ஒரு வாய் குடித்தாள். "சர்க்கரை கம்மி லெஸ். போகப் போகப் பழகிடும்."